மற்கலி கோசாலர்

மற்கலி கோசாலர் என்பவர் கி.மு. 6-5ஆம் நூற்றாண்டுகளில் கங்கைச் சமவெளியில் வாழ்ந்த மெய்யியலாளரும் ஆசீவக நெறியின் முதன்மை ஆசானும் ஆவார். இவர் மகாவீரருக்கும் கௌதம புத்தருக்கும் சமகாலத்தவர். மனிதனின் முயற்சியால் எதுவும் மாறுவதில்லை, எல்லாம் நியதியின்படியே நடந்தேறும் என்பது இவரது கொள்கையின் சாரம். மனிதனுக்குத் தன்விருப்பு உண்டா, அல்லது அவனது எண்ணமும் செயலும் முன்னரே தீர்மானிக்கப்பட்டவையா என்பது இன்றைய உளவியலில் தொடர்ந்து விவாதிக்கப்படும் வினாவாகும். அவ்வினாவுக்கு மிகக் கடுமையான விடையை அளித்த பழைய இந்தியர் இவரே எனலாம். வடநாட்டில் இவரது நெறி மங்கிய பின்னரும் தமிழகத்தில் கி.பி. 14ஆம் நூற்றாண்டு வரை நிலைத்திருந்தது. எனவே தமிழ் இலக்கிய மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியவர்களுள் இவரும் ஒருவர்.

பெயர்

பாளி நூல்களில் மக்கலி கோசாலர் என்றும், சமணரின் பிராகிருத நூல்களில் மங்கலிபுத்திரர் கோசாலர் என்றும், வடமொழியில் மஸ்கரி என்றும் இவர் குறிக்கப்படுகிறார். தமிழில் மணிமேகலையும் நீலகேசியும் மற்கலி என்கின்றன. மங்கர் என்போர் படப்பலகையை ஏந்தி ஊர் ஊராகச் சென்று கதை கூறிப் பிழைத்தவர்கள். கோசாலரின் தந்தை அத்தொழிலர் என்று சமண நூல் கூறுகிறது. மஸ்கரம் என்பதற்கு மூங்கில் என்று பொருள். மூங்கில் கோலேந்திய துறவியே மஸ்கரி என்பது பாணினியின் இலக்கணத்தால் பெறப்படும் விளக்கம். அதற்கு உரை கண்ட பதஞ்சலியோ, செயல்களைச் செய்யாதீர் என்று போதித்ததால் அப்பெயர் வந்தது என்கிறார். சொற்பிறப்பியலாக இது ஐயத்துக்குரியது. ஆனால் பதஞ்சலியின் காலத்தில் இவர் எதற்காக அறியப்பட்டிருந்தார் என்பதை இவ்விளக்கம் நன்கு காட்டுகிறது.

சான்றுகள் குறித்து

ஆசீவகரின் நூல் எதுவும் இன்று கிடைக்கவில்லை. கோசாலரைப் பற்றி நாம் அறிவதெல்லாம் அவரை எதிர்த்தவர்கள் எழுதி வைத்தவையே. வாழ்க்கை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் சமணரின் ஐந்தாம் அங்கமான பகவதி சூத்திரத்தின் 15ஆம் பகுதியிலிருந்தும், கொள்கை விளக்கம் பௌத்தரின் சாமஞ்ஞபல சுத்தத்திலிருந்தும் பெறப்படுகின்றன. எதிரியின் வாக்குமூலத்தை மட்டும் வைத்து ஒருவரின் வரலாற்றை எழுதுவதில் உள்ள இடர்ப்பாட்டை வாசகர் மனத்திற்கொள்ள வேண்டும். இச்சான்றுகளைத் தொகுத்து ஆராய்ந்த நூல்களுள் 1951இல் வெளிவந்த ஏ. எல். பாசாமின் நூல் இன்றும் அடிப்படையானது. கோசாலர் மறைந்தது ஏறத்தாழ கி.மு. 484இல் என்று அவர் கணித்தார்.

இளமையும் மகாவீரரின் தொடர்பும்

சாவத்தி நகரை அடுத்த சரவணம் என்னும் சிற்றூரில் கோபகுலர் என்ற அந்தணரின் மாட்டுத் தொழுவத்தில் கோசாலர் பிறந்தார். மழைக்காலத்தில் தங்க வேறு இடம் கிடைக்காத பெற்றோர் அத்தொழுவத்தில் ஒதுங்கியிருந்தனர். கோசாலை என்பது மாட்டுத் தொழுவத்தையே குறிக்கும். தாயின் பெயர் பத்தா. வளர்ந்தபின் தந்தையின் தொழிலையே இவரும் மேற்கொண்டார்.

மகாவீரர் துறவு பூண்ட இரண்டாம் ஆண்டின் மழைக்காலத்தில் நாளந்தாவில் ஒரு நெசவுக் கொட்டகையில் தங்கியிருந்தார். கோசாலரும் அங்கேயே வந்து தங்கினார். மகாவீரருக்கு உணவளித்த இல்லத்தார்க்குக் கிடைத்த சிறப்பைக் கண்டு, தம்மை மாணவராக ஏற்குமாறு வேண்டினார். முதலில் மறுமொழி கிடைக்கவில்லை. பின்னர் ஏற்கப்பட்டு ஆறாண்டுகள் உடன் திரிந்தார் என்பது சமண நூலின் கூற்று. இருவரும் ஒத்த நிலையிலிருந்த துணைவர்களே என்று கருதும் ஆய்வாளரும் உளர். பின்னாளில் எதிரியானவரைத் தம் தலைவரின் முன்னாள் மாணவராகக் காட்டுவது சமணருக்கு உவப்பாக இருந்திருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை.

எள்செடி நிகழ்ச்சி

கோசாலரின் சிந்தனை எவ்வாறு உருவாயிற்று என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. சித்தத்தகாமம் என்ற ஊரிலிருந்து கும்மகாமம் என்ற ஊருக்கு இருவரும் சென்றுகொண்டிருந்தனர். வழியில் பூத்து நின்ற எள்செடி ஒன்றைச் சுட்டி, இது பிழைக்குமா, இதிலுள்ள ஏழு பூக்களின் உயிர்கள் என்னவாகும் என்று கோசாலர் கேட்டார். செடி அழியாது, அவ்வேழு உயிர்களும் இதே செடியின் ஒரே காயில் ஏழு விதைகளாகப் பிறக்கும் என்று மகாவீரர் விடையளித்தார். கோசாலர் மெல்லப் பின்தங்கி, அச்செடியை வேருடன் பிடுங்கி எறிந்துவிட்டார். மகாவீரரின் முன்னறிவிப்பைப் பொய்யாக்கிக் காட்டுவதே அவரது நோக்கம்.

சிறிது நேரத்தில் மழை பெய்தது. எறியப்பட்ட செடி மண்ணில் மீண்டும் வேர் பிடித்தது. திரும்பி வரும்போது, நீங்கள் கூறியது பொய்த்தது என்று கோசாலர் சொல்ல, நடந்ததை மகாவீரர் விளக்கினார். நம்ப மறுத்த கோசாலர் காயைப் பிளந்து எண்ணினார். ஏழு விதைகள் இருந்தன. செடி மீண்டும் உயிர்த்ததுபோல் எல்லா உயிர்களும் மீண்டும் உயிர்க்கும் என்றும், வரவேண்டியது எவர் தடுத்தாலும் வந்தே தீரும் என்றும் அன்று அவர் முடிவு செய்தார். விரைவில் மகாவீரரைப் பிரிந்தார்.

நியதிவாதத்தின் வரலாற்றில் இதுபோன்ற தொடக்கம் அரிது. தம் விருப்பத்தால் உலகை மாற்ற இயலும் என்று காட்ட முயன்ற ஒருவர், அம்முயற்சி தோற்றதால் முயற்சியையே மறுக்கும் கொள்கைக்கு வந்து சேர்ந்தார். ஒரே ஒரு செடியைக் கொண்டு எல்லா உயிர்களுக்கும் விதி வகுத்தது ஏரணப்படி பிழை என்பதை மாணவர் எளிதில் காண்பர். ஆனால் அதில் நுட்பமான வேறொரு சிக்கலும் உண்டு. செடியைப் பிடுங்கியதும் ஒரு காரணம். மழை பெய்ததும் ஒரு காரணம். கோசாலர் பிடுங்காதிருந்தால் செடி அதே இடத்தில் நின்றிருக்கும். பிடுங்கியதால் எறிந்த இடத்தில் முளைத்தது. ஆகவே அவரது கை ஒன்றும் செய்யாமல் இல்லை. முடிவு மாறவில்லை என்பதிலிருந்து முயற்சிக்குப் பயனே இல்லை என்ற இடத்துக்கு அவர் தாவிவிட்டார். இவர் கொள்கை மீது பின்வந்தோர் தொடுத்த மறுப்புகள் அனைத்தும் இந்த இடைவெளியைச் சுற்றியே அமைந்தன.

கொள்கை

மகத மன்னன் அசாதசத்துரு ஒரு நிலவிரவில் புத்தரைக் கண்டு, தான் முன்பு சந்தித்த ஆறு ஆசான்களின் கருத்துகளைக் கூறுவதாக சாமஞ்ஞபல சுத்தம் அமைந்துள்ளது. அவற்றுள் கோசாலரின் கருத்து பின்வருமாறு சுருக்கப்படுகிறது. உயிர்கள் மாசடைவதற்குக் காரணம் இல்லை. தூய்மை அடைவதற்கும் காரணம் இல்லை. தன் செயல், பிறர் செயல், ஆற்றல், ஊக்கம் என எதுவும் பயன் தருவதில்லை. அறிவுடையோரும் பேதையரும் 84 இலட்சம் மகாகற்பங்கள் பிறந்து உழன்ற பின்னரே துன்பம் நீங்குவர். நோன்பினால் அதைக் குறைக்கவும் இயலாது. தீவினையால் கூட்டவும் இயலாது. நூலுருண்டையை உருட்டிவிட்டால் நூல் தீரும் வரை அது ஓடுவதுபோல் பிறவியும் தன் அளவு தீரும் வரை ஓடும்.

மகாகற்பம் என்பதன் அளவையும் ஆசீவகர் கணக்கிட்டிருந்தனர். ஒரு கங்கையை ஏழால் பெருக்கி, வந்ததை மீண்டும் ஏழால் பெருக்கி, இவ்வாறு ஆறுமுறை செய்தால் 1,17,649 கங்கைகள் கிடைக்கும். அத்தனை கங்கைகளின் மணலிலிருந்து நூறாண்டுக்கு ஒரு மணலை எடுத்து, மணல் முழுதும் தீரும் காலம் ஒரு சரம். மூன்று இலட்சம் சரங்கள் ஒரு மகாகற்பம். இவ்வளவையும் 84 இலட்சத்தால் பெருக்க வேண்டும். காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லும் ஒரு நெறி, காத்திருக்க வேண்டிய காலத்தை இவ்வளவு துல்லியமாக அளந்தது வியப்புக்குரியதே.

நியதி, சங்கதி, பாவம் என்ற மூன்றினால் உயிர்கள் மாறுபடுகின்றன என்பதும் இக்கொள்கையின் பகுதியாகும். நியதி என்பது ஊழ். சங்கதி என்பது சூழலின் சேர்க்கை. பாவம் என்பது இயல்பு. பின்னிரண்டையும் இன்றைய உளவியலார் பேசும் சூழல், மரபு ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றும். ஒப்பீட்டை மிகைப்படுத்துதல் கூடாது. ஆசீவகத்தில் அவ்விரண்டும் நியதிக்குக் கட்டுப்பட்டவை.

மனிதரை அவர்தம் உளத்தூய்மை நோக்கி ஆறு நிறப் பிறப்புகளாகவும் ஆசீவகர் வகுத்தனர். மணிமேகலை இவற்றைக் கரும்பிறப்பு, கருநீலப்பிறப்பு, பசும்பிறப்பு, செம்பிறப்பு, பொன்பிறப்பு, வெண்பிறப்பு என்று வரிசைப்படுத்துகிறது. உயிர் ஒவ்வொரு நிறமாக ஏறி வெண்மையை அடைந்து வீடுபெறும்.

எல்லாம் நியதியாயின் ஆசீவகத் துறவிகள் ஏன் கடுந்தவம் புரிந்தனர் என்ற ஐயம் எழும். நோன்பிருந்து உயிர்விடும் அளவுக்கு அவர்கள் உடலை வருத்தினர் என்பதற்குச் சான்றுகள் பல. தவம் வீடுபேற்றைத் தருவதில்லை, வீடுபேற்றை நெருங்கிய உயிர் தவம் செய்யுமாறு விதிக்கப்பட்டுள்ளது என்பதே அவர்கள் விடையாக இருந்திருக்க வேண்டும். பிற்கால ஐரோப்பாவில் கால்வினின் முன்விதிப்புக் கொள்கையை நம்பியோரும் சோம்பிக் கிடக்காமல் கடுமையாக உழைத்தனர் என்று மாக்ஸ் வேபர் 1904-05இல் எடுத்துக்காட்டியது இங்கு நினைவுகூரத் தக்கது. விதியை நம்புவோர் செயலற்றிருப்பர் என்ற பொதுவான எதிர்பார்ப்பு எப்போதும் உண்மையாவதில்லை.

குயவர் சத்தாலபுத்தரும் உடைந்த பானையும்

கோசாலரைப் பின்பற்றிய இல்லறத்தாருள் போலாசபுரத்துக் குயவரான சத்தாலபுத்தர் பெருஞ்செல்வர். ஊருக்கு வெளியே அவருக்கு ஐந்நூறு குயக்கூடங்கள் இருந்தன என்றும், கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆட்கள் அவற்றில் வேலை செய்தனர் என்றும் உவாசகதசாவோ என்னும் சமண நூல் கூறுகிறது. இன்றைய சொல்லில் அவரைத் தொழிற்சாலை முதலாளி எனலாம்.

ஒருநாள் வெயிலில் உலர வைக்கப்பட்டிருந்த பானைகளைக் காட்டி, இவை எவ்வாறு உருவாயின என்று மகாவீரர் கேட்டார். மண்ணை நீரில் குழைத்து, சாம்பலும் சாணமும் சேர்த்துப் பிசைந்து, சக்கரத்தில் ஏற்றி வனைந்தோம் என்றார் சத்தாலபுத்தர். அப்படியாயின் இவை முயற்சியால் ஆனவையா, முயற்சியின்றி ஆனவையா என்பது அடுத்த வினா. தம் ஆசானின் கொள்கைக்கு உண்மையாக, முயற்சியின்றியே ஆயின என்று அவர் விடையளித்தார். உங்கள் வேலையாள் ஒருவன் இப்பானைகளைத் திருடினாலோ உடைத்தாலோ, உங்கள் மனைவி அக்கிமித்தையிடம் தகாத முறையில் நடந்தாலோ என்ன செய்வீர் என்று மகாவீரர் கேட்டார். அவனைத் திட்டுவேன், அடிப்பேன், கொல்லவும் கூடும் என்றார் குயவர். முயற்சி என்று ஒன்று இல்லையாயின் திருடியதும் உடைத்ததும் அவன் செயல் ஆகாதே, பின் ஏன் அவனை ஒறுக்க வேண்டும் என்று மகாவீரர் கேட்டபோது சத்தாலபுத்தரிடம் விடை இல்லை. அவர் சமணரானார்.

செய்தியறிந்து கோசாலர் நேரில் வந்தார். சத்தாலபுத்தர் அவரை வரவேற்கவில்லை. கோசாலர் மகாவீரரைப் புகழ்ந்து பேசத் தொடங்கினார். அவருடன் வாதிட உங்களால் இயலுமா என்று குயவர் கேட்க, இயலாது என்று ஒப்புக்கொண்டார். என் ஆசானைப் புகழ்ந்ததற்காகத் தங்க இடமும் இருக்கையும் தருகிறேன், அறம் என்று கருதி அன்று என்று குயவர் கூறினார். சமணர் எழுதிய கதை என்பதால் வெற்றி யாருக்கு என்பது முன்பே உறுதி. எனினும் வாதத்தின் வலிமை அதனால் குறைவதில்லை. மெய்யியல் மேடையில் விதியை ஏற்றுக்கொள்ளும் ஒருவர், தம் பானை உடைந்தால் உடைத்தவனைத் தேடுகிறார்.

இதே முரண்பாடு இன்றும் நம்மிடையே உள்ளது. மீஞ்சூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ உள்ள ஓர் ஆலையில் ஒருவர் கையை எந்திரத்தில் இழந்தால், அவர் நேரம் சரியில்லை என்று சொல்வாரும் இருப்பர், எந்திரத்தின் காப்புத் தடுப்பைக் கழற்றியது யார் என்று கேட்பாரும் இருப்பர். இரண்டையும் ஒரே வாயால் சொல்வோரும் உண்டு. முதலாவதைச் சொல்பவர் முதலாளியா தொழிலாளியா என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறும். தன் இழப்புக்கு விதியைச் சொல்பவர் ஆறுதல் தேடுகிறார். பிறர் இழப்புக்கு விதியைச் சொல்பவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறார். சத்தாலபுத்தரிடம் வேலை செய்த கூலியாட்கள் இதைப் பற்றி என்ன நினைத்தனர் என்று நூல் சொல்லவில்லை.

புத்தரின் மறுப்பு

கௌதம புத்தர் தம் காலத்து ஆசான்கள் அனைவரிலும் கோசாலரின் போதனையையே மிகவும் தீங்கானதாகக் கருதினார். ஆடைகளில் மயிராடை மட்டமானது. குளிரில் குளிரும், வெயிலில் சுடும். கோசாலரின் கொள்கை அதுபோன்றது என்றும், ஆற்று முகத்தில் வைத்த மீன்வலைபோல் அவர் பலரை அழிவில் சிக்கவைக்கிறார் என்றும் பாளி நூல்கள் கூறுகின்றன. புத்தருக்கு வினைப்பயனில் நம்பிக்கை உண்டு. ஆயினும் முயற்சி ஒரு காரணமாகச் செயற்படும் என்பதும், இல்லையேல் துறவுக்கே பொருளில்லை என்பதும் அவர் நிலைப்பாடு.

உளவியல் நோக்கில்

கோசாலருக்கும் தற்கால உளவியலின் நியதிவாதிகளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆயினும் இருவரையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வினாவைத் தெளிவாக்கும்.

சிக்மண்ட் பிராய்டு, நாத்தவறு, பெயர் மறதி போன்ற சிறு நிகழ்வுகளுக்கும் மனத்தினுள் காரணம் உண்டு என்று 1901இல் எழுதினார். பி. எப். ஸ்கின்னர் 1971இல் வெளியிட்ட நூலில், தன்னாட்சி பெற்ற மனிதன் என்பது ஒரு கற்பனை, நடத்தையை உருவாக்குவது சூழலே என்று வாதிட்டார். ஆனால் ஸ்கின்னரின் முடிவு கோசாலரின் முடிவுக்கு நேர் எதிரானது. நடத்தைக்குக் காரணம் உண்டு என்பதால் அக்காரணத்தை மாற்றி நடத்தையையும் மாற்றலாம் என்பது அவர் திட்டம். காரணங்களால் ஆனது உலகு என்பது நியதிவாதம். என்ன செய்தாலும் முடிவு ஒன்றே என்பது ஊழ்வாதம். முன்னதில் முயற்சியும் ஒரு காரணம். பின்னதில் முயற்சி வெறும் நிழல். கோசாலர் ஊழ்வாதி. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவது பாடநூல்களிலும் காணப்படும் குழப்பமாகும்.

எதிர்த்தரப்பில் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்சின் வாழ்க்கை குறிப்பிடத்தக்கது. இளமையில் கடும் மனச்சோர்வுக்கு ஆளான அவர், 1870 ஏப்ரலில் பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனூவியேயின் எழுத்தைப் படித்தபின், தன்விருப்பை நம்புவதையே தமது தன்விருப்பின் முதற்செயலாகக் கொள்வது என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். 1884இல் நியதிவாதத்தை எதிர்த்து ஆற்றிய உரையில், நடந்த தீமைக்காக வருந்துவது என்ற உணர்வுக்கு நியதிவாதம் இடமளிக்க இயலாமல் தவிக்கிறது என்று வாதிட்டார். சத்தாலபுத்தரின் சிக்கலும் ஏறக்குறைய இதுவே.

நம்பிக்கை மனத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதைப் பின்வந்தோர் சோதனைகளால் ஆராய்ந்தனர். 1967இல் செலிக்மனும் மேயரும் நடத்திய சோதனையில், தவிர்க்க இயலாத மின்னதிர்ச்சிக்கு உட்பட்ட நாய்களுள் பல, பின்னர் தப்ப வழியிருந்தும் முயலாமல் கிடந்தன. இது கற்றுக்கொண்ட இயலாமை எனப்பட்டது. எள்செடிக்குப் பின் கோசாலர் அடைந்த நிலையும் இதுவோ என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவர் அதன்பின் ஒரு பெரும் இயக்கத்தையே நடத்தினார் என்பதால் அவ்விளக்கம் பொருந்தாது. தம் வாழ்வில் நடப்பவை தம் கையில் உள்ளனவா புற ஆற்றல்களின் கையில் உள்ளனவா என்று மனிதர் கருதும் வேறுபாட்டை ஜூலியன் ராட்டர் 1966இல் அளவிட முனைந்தார். 1983இல் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட ஆய்வு, விரலை அசைக்க வேண்டும் என்ற விருப்பம் நனவில் தோன்றுவதற்கு ஏறத்தாழ மூன்றிலொரு நொடி முன்னரே மூளையில் ஆயத்தம் தொடங்குகிறது என்றது. தன்விருப்பு பொய் என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவோரும், விரலசைவைக் கொண்டு வாழ்க்கை முடிவுகளை அளக்கலாகாது என்போரும் இன்றும் வாதிடுகின்றனர்.

தன்விருப்பு இல்லை என்று கூறும் பகுதியைப் படித்தோர் அடுத்து வந்த தேர்வில் கூடுதலாக ஏமாற்றினர் என்று வோஸ், ஸ்கூலர் ஆகியோர் 2008இல் அறிவித்தனர். அச்சோதனையைப் பின்னர் திரும்பச் செய்தவர்களுக்கு அம்முடிவு உறுதியாகக் கிடைக்கவில்லை. கோசாலரைக் கேட்டோர் கெட்டுப்போவர் என்ற பழைய குற்றச்சாட்டும் இவ்வகையில் மெய்ப்பிக்கப்படாமலேயே உள்ளது. ஆசீவகரின் ஒழுக்கத்தைப் பழித்தவர்களும் அவர்கள் தவத்தின் கடுமையை மறைக்கவில்லை.

இறுதி நாள்கள்

துறவு பூண்ட 24ஆம் ஆண்டில் கோசாலர் சாவத்தியில் ஹாலாஹலா என்ற குயத்தியின் பட்டறையில் தங்கியிருந்தார். அந்நகரே அவரது தலைமையிடம். அவர் தம்மிடமிருந்து பிரிந்த பழைய மாணவரே என்று மகாவீரர் கூறியது ஊரெங்கும் பரவியது. சினந்த கோசாலர் நேரில் சென்று, உம் மாணவனாயிருந்த கோசாலன் இறந்துவிட்டான், நான் அவனுடலில் புகுந்த வேறோர் உயிர் என்றார். திருடன் துரும்பின் பின்னே ஒளிவது போன்றது இது என்று மகாவீரர் மறுத்தார். கோசாலர் தம் தவ ஆற்றலால் எழுப்பிய தீ மகாவீரரின் மாணவர் இருவரை எரித்தது என்றும், மகாவீரர் மீது ஏவியபோது அது திரும்பி அவரையே சுட்டது என்றும் நூல் கூறுகிறது. ஏழு நாள்களில் அவர் இறப்பார், தாம் மேலும் 16 ஆண்டுகள் வாழ்வோம் என்று மகாவீரர் அறிவித்தார்.

அந்த ஏழு நாள்களின் வருணனை கடுங்காய்ச்சலில் கிடந்த ஒருவரை நம் கண்முன் நிறுத்துகிறது. கையில் மாங்கொட்டையுடன், குயவரின் மட்பாண்ட நீரை உடலில் தெளித்துக்கொண்டு, பாடியும் ஆடியும் ஹாலாஹலாவை வணங்கியும் அவர் இருந்தார். மாணவர்கள் இச்செயல்களையும் கடைசிப் பானம், கடைசிப் பாடல், கடைசி ஆடல், கடைசி வணக்கம் என்று சமயக் கோட்பாடாக்கிவிட்டனர்.

தம்மைப் பெருஞ்சிறப்புடன் அடக்கம் செய்யுமாறு முதலில் கூறிய கோசாலர், ஏழாம் நாள் மனம் மாறினார். தாம் பொய் சொன்னதாகவும், தம் உடலின் இடக்காலில் கயிறு கட்டிச் சாவத்தியின் தெருக்களில் இழுத்துச் செல்ல வேண்டும் என்றும் மாணவரிடம் உறுதி பெற்று இறந்தார் என்கிறது சமண நூல். மாணவர்கள் பட்டறையின் கதவைச் சாத்தினர். தரையில் சாவத்தி நகரின் வரைபடத்தைக் கீறினர். அதன்மேல் உடலை இழுத்து, கொடுத்த சொல்லைத் தாழ்ந்த குரலில் நிறைவேற்றினர். பின்னர் கதவைத் திறந்து பெருஞ்சிறப்புடன் அடக்கம் செய்தனர். மனமாற்றம் என்பது எதிர்த்தரப்பு சேர்த்த புனைவாக இருக்கலாம். வருத்தம் என்ற உணர்வு தன்விருப்பை முன்கொள்வது. முயற்சியை மறுத்தவரை வருந்தச் செய்து முடிப்பது கதையாசிரியருக்குப் பெருவெற்றி.

வடநாட்டில் ஆசீவகம்

மௌரியர் காலத்தில் இந்நெறி செழித்தது. அசோகர் தம் ஆட்சியின் 12ஆம் ஆண்டில் கயைக்கு வடக்கேயுள்ள பாராபர் குன்றுகளில் ஆசீவகருக்குக் குகைகளை வழங்கினார். அவர் பேரன் தசரதன் அருகிலுள்ள நாகார்ச்சுனிக் குன்றில் மூன்று குகைகளைக் கொடுத்தான். கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்ட இவற்றின் சுவர்கள் இன்றும் காணத்தக்கவை. கல்வெட்டுகள் சிலவற்றில் ஆசீவகர் என்ற சொல்லை மட்டும் பிற்காலத்தவர் கொத்தி அழித்துள்ளனர்.

தமிழகத்தில் ஆசீவகம்

சிலப்பதிகாரத்தில், கோவலன், கண்ணகி ஆகியோரின் முடிவைக் கேட்ட கண்ணகியின் தந்தை தம் பொருளை ஆசீவகர் முன் தானம் செய்து அந்நெறியைத் தழுவுகிறார். கோவலனின் தந்தை பௌத்தராகிறார். ஊழ்வினை வந்து பற்றும் என்பதையே கருப்பொருளாகக் கொண்ட காப்பியத்தில், மகளை இழந்த தந்தை எல்லாம் நியதி என்னும் நெறியில் அடைக்கலம் புகுவது பொருத்தமானதே.

மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் பல சமயத்தாரிடம் கேட்டுவரும் மணிமேகலைக்கு ஆசீவக ஆசான் மற்கலியின் நூற்பொருளை எடுத்துரைக்கிறான். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என ஐந்து வகை அணுக்கள் அங்குக் கூறப்படுகின்றன. நீலகேசியில் ஆசீவக வாதச் சருக்கம் என்ற தனிப் பகுதியே உண்டு. பூரணன் என்ற ஆசீவக ஆசானிடம் நீலகேசி வாதிட்டு வெல்கிறாள். எதுவும் உண்மையில் இயங்குவதில்லை, எல்லாம் அசைவற்று நிலைத்துள்ளன என்னும் வளர்ச்சியடைந்த கொள்கை ஒன்றைப் பூரணன் முன்வைக்கிறான். அங்கே மற்கலி மனித ஆசான் நிலையிலிருந்து உயர்ந்து, பேசாத, அசையாத தெய்வமாகிவிட்டார். வானவில்லைப்போல் அவர் வருகை எவராலும் அறியப்படாதது என்கின்றனர். எல்லாவற்றையும் முன்னறியலாம் என்ற நெறியின் தலைவரது வருகை மட்டும் முன்னறிய இயலாததாக இருப்பது ஒரு விநோதம். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியாரும் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் ஆசீவகரை மறுத்து எழுதினார். தக்கயாகப்பரணியின் பழைய உரை, ஆசீவகர் தாழிகளில் இருந்து தவம் செய்ததைக் குறிக்கிறது.

திருக்குறளில் ஊழ் என்னும் 38ஆம் அதிகாரம் ஊழின் வலிமையைக் கூறுகிறது. ஆள்வினையுடைமை என்னும் 62ஆம் அதிகாரம் விடாமுயற்சியால் ஊழையும் புறங்காணலாம் என்கிறது. வள்ளுவர் முரண்பட்டாரா, வெவ்வேறு நிலையிலிருந்து பேசினாரா என்பது உரையாசிரியர்களைத் தொடர்ந்து ஈர்த்த வினா. புறநானூற்றின் 192ஆம் பாடலைப் பாடிய கணியன் பூங்குன்றனாரை ஆசீவகராகக் கொள்வாரும் உளர். ஆற்று வெள்ளத்தில் செல்லும் புணையை உயிருக்கு உவமையாக்கியது அவர்கள் காட்டும் சான்று. அப்பாடல் பெரியோரை வியத்தலையும் சிறியோரை இகழ்தலையும் மறுக்கிறது. ஊழை நம்புவதிலிருந்து செருக்கின்மையைப் பெற்ற இவ்வழி, கோசாலரின் மறுப்பாளர்கள் கண்டுகொள்ளாத ஒன்று.

ஆசீவகம் தமிழகத்திலேயே தோன்றியது என்றும், ஐயனார் வழிபாடு மற்கலி கோசாலரின் நினைவே என்றும் தமிழறிஞர் க. நெடுஞ்செழியன் தம் நூல்களில் வாதிட்டார். இக்கருத்துக்குத் தமிழ்நாட்டில் ஆதரவாளர் பலர் உண்டு. கோசாலரின் பிறப்பிடம், பயணம், இறப்பு அனைத்தும் கங்கைக்கரையிலேயே நடந்ததாகப் பழைய நூல்கள் ஒருமுகமாகக் கூறுவதால், ஆய்வாளருள் பெரும்பாலோர் இதனை ஏற்கவில்லை.

இலக்கியத்துக்கு அப்பால், ஆசீவகர் உண்மையில் இங்கு வாழ்ந்தனர் என்பதற்கு ஆவணங்களே உறுதியான சான்று. இன்றைய மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி வழியாக வடக்கே செல்லும் இருப்புப்பாதை நெல்லூர் நாட்டை அடைகிறது. பல்லவ மன்னன் சிம்மவர்மனின் 5ஆம் நூற்றாண்டுச் செப்பேடு அப்பகுதியைச் சேர்ந்தது. வரி செலுத்துவோர் பட்டியலில் ஆசீவகரையும் அது குறிப்பிடுகிறது. தொண்டை மண்டலத்தின் மறுபுறத்தில், விரிஞ்சிபுரத்தை அடுத்த பொய்கை என்னும் ஊரின் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் ஆசுவிகள் காசு என்ற வரி வருகிறது. அவ்வரியை ஆசீவகர் மீது விதிக்கப்பட்டதாக ஹுல்ட்சும் பாசாமும் கொண்டனர். ஊரின் பிற வருவாய்களோடு இவ்வரியும் பெருமாள் கோயிலுக்கு எழுதி வைக்கப்பட்டது. 14ஆம் நூற்றாண்டுக்குப் பின் அவ்வரியின் பெயர் கல்வெட்டுகளில் காணப்படவில்லை.